தடுப்புத் தகட்டுக்குப் பின்னால்

ட்ரில்லிங் மெஷினின் விசையை அழுத்திக்கொண்டிருந்த ஆள்காட்டி விரல் மரத்துப்போய்ப் பத்து நிமிஷமாவது இருக்கும், ஆனாலும் தாரிணி அதை எடுக்கவில்லை. எடுத்தால் அண்ணன், என்ன பாப்பா அதுக்குள்ள கை வலிக்குதா என்பான், அவனுக்குப் பின்னால் கேனைச் சாய்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும் ஜெரால்டு சிரிப்பார், சிரிக்கும்போது அவர் மேல் உதட்டில் ஒட்டியிருக்கும் டீ ஆடையை அவள் பார்க்க வேண்டியிருக்கும். பார்க்காமல் இருக்கத்தான் குனிந்துகொண்டிருந்தாள். குனிந்தால் எஞ்சின். வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்ட ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பத்தரை மணி வெயில் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாகப் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருக்க, மூன்று வருஷமாக அண்ணன் தீபன் குழாய் குழாயாக வளைத்துப் பற்றவைத்த அந்தக் கார் பின்பக்கத் தகடு இல்லாமல் நின்றது. தோலுரித்துத் தொங்கவிட்ட ஆடு போல என்று முதல் நாளே அவளுக்குத் தோன்றியது, அதன்பிறகு வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை. இப்போது குடலும் வந்துவிட்டது. பெருவிரல் தடிமனில் கறுப்பு ஹோஸ்கள், நான்கு, எஞ்சினின் பக்கத்தில் புதிதாகப் பூட்டிய பம்பிலிருந்து புறப்பட்டு வளைந்து நெளிந்து சீட்டுக்குப் பின்னால் இருக்கும் அலுமினிய டேங்க்குக்குப் போயின. டிரை சம்ப். நாலு மாதமாக வீட்டில் சோற்றைவிட அதிகமாகப் புழங்கிய வார்த்தை. மற்ற கார்களில் எண்ணெய் எஞ்சினின் அடிவயிற்றிலேயே கிடக்கும், வேகமாக ஒரு வளைவு திரும்பினால் சாய்த்த குழம்புச் சட்டியில் போல ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். மார்ச் மாதம் ரேஸ் டிராக்கில் அந்த நீண்ட இடது வளைவில் அதுதான் நடந்தது. ஒன்றரை செகண்ட் என்றான் அண்ணன். எண்ணெய் இல்லாத ஒன்றரை செகண்டில் பேரிங் உருகி ஒட்டிக்கொண்டது, எஞ்சின் பூட்டு போட்ட மாதிரி நின்றது, பின்சக்கரங்கள் சுற்ற மறுத்தன, கார் மூன்று சுற்றுச் சுற்றி டயர் அடுக்கில் போய் மோதியது. அண்ணனுக்கு இடது காறை எலும்பு முறிவு. அம்மாவிடம் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். சொன்னது தாரிணிதான்.

"ஊத்துங்கண்ணா, இன்னும் ஒரு லிட்டரு" என்றான் தீபன், எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த எஞ்சினுக்கு அந்த வயிறே இனி இல்லை. சொட்டுகிற எண்ணெயைப் பம்பு உடனுக்குடன் உறிஞ்சி டேங்க்குக்கு அனுப்பும், டேங்க்கிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு திரும்ப எஞ்சினுக்குப் போகும், கார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் போகும். எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பை மட்டும் ட்ரில்லிங் மெஷினால் சுற்றி, எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு மணிக்குக் காரை ஏற்றிப் போகிற டெம்போ வரும். நான்கு மணிக்கு அண்ணன் அந்த வளைவில் இருப்பான். நான்கு மணிக்கு. மெஷின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்குள் நான்கு மணிக்கு நான்கு மணிக்கு என்று கேட்பதாக ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது, ஆகவே வேறு எதையாவது நினைக்க வேண்டும். ஆனால் வேறு எதை நினைத்தாலும் காலை ஏழு மணியில் போய் முட்டியது. ஏழு மணி, அவள் கை, டேங்க்கின் வாய். பல் தேய்த்துவிட்டு வந்தவளை ஜெரால்டு, "அம்மிணி, இங்க வாங்கோ, உங்க கைதான் இதுக்குள்ள போவும், எங்க கையெல்லாம் மம்பட்டிக் கை" என்று கூப்பிட்டார். டேங்க்கைச் செய்தவர் அவர்தான், கணபதி ஏரியாவில் சொந்த லேத் பட்டறை, அலுமினியத்தில் பற்றவைத்தால் தையல் மிஷின் ஓட்டினது போல இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மூக்கைத் துடைக்கிற துணியும் மீட்டரைத் துடைக்கிற துணியும் ஒன்றேதான். டேங்க்கின் உள்ளே பாதியில் ஒரு தடுப்புத் தகடு, எண்ணெய் அலையாமல் இருக்க. அந்தத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி, அதுவும் அவள் கை மாதிரி கை. சின்னக் கை, நல்ல கை என்று ஜெரால்டு அவள் கையைப் பார்த்துச் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் முழங்கை வரைக்கும் கூசியது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கறிக்கடையில் ஈரலைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார், அவ்வளவுதான்.

துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற வெட்டுத் துண்டுகள், கழுத்து, கைமடிப்பு, அக்குள் வளைவு, அச்சுத் தப்பிப்போன பூக்கள். யாரும் ஒரு நாள் கூடப் போடாத துணிதான், இருந்தாலும் அந்த அக்குள் துண்டுகளை எடுக்கும்போதெல்லாம் யாரோ கழற்றிப் போட்டது போல ஒரு வெதுவெதுப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றும். மண்ணெண்ணெயில் நனைத்து உள்ளே விட்டாள். முதல் துணி கறுப்பு. இரண்டாவது சாம்பல். மூன்றாவது சாம்பல். நான்காவது கிட்டத்தட்ட வெள்ளை. ஐந்தாவதாகக் கைக்கு வந்தது ஒரு ரோஸ் நிறத் துண்டு, குழந்தைகள் பனியனுக்கு அடிப்பார்களே, ஜிகினா நட்சத்திரம், அதில் பாதி. அதைத்தான் தகட்டுக்குப் பின்னால் விட்டாள். விட்டு, சுவரோரமாக இறக்கி, கீழ் மூலைக்குக் கொண்டுபோனபோது துணி நழுவி விரல் நுனி மட்டும் முன்னால் போய் எதன் மீதோ பட்டது. மெத்தென்று. குளிர்ந்து, தொட்டால் கொஞ்சம் உள்வாங்குகிற மாதிரி. கை தானாக வெளியே வந்துவிட்டது, தகட்டின் விளிம்பு மணிக்கட்டில் கீறியதைக் கூட அப்புறம்தான் பார்த்தாள். துணி மினுங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சுதா பாப்பா?" என்றான் அண்ணன். முடிஞ்சுது என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் ஏழு மணிக்கு நடந்தது.

பல்லி. வேறு என்னவாக இருக்கும், டேங்க்கு இரண்டு வாரமாக ஜெரால்டின் பட்டறையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, அங்கே சுவரெல்லாம் பல்லி. காலேஜ் ஹாஸ்டலில் ஒரு தடவை தண்ணீர் டேங்க்கில் கிடந்தது, ஊதி, வெளுத்து, நான்கு கையும் விரித்து, குழந்தைக் கை மாதிரி, ஒரு வாரமாக அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்திருந்தோம் என்று தெரிந்த அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செத்த பல்லிதான் என்றால் என்ன ஆகிவிடும், எண்ணெய் காயும்போது முறுக்கு மாதிரி வெந்து கிடக்கும். இதை நினைத்ததும் நாக்கின் அடியில் உப்புத் தண்ணீர் ஊறியது, விழுங்கினாள், விழுங்கியதை நினைத்து மறுபடி ஊறியது. சரி, பல்லி என்றே வைத்துக்கொள்வோம், அப்போது துணி ஏன் மினுங்கியது? பிரிண்டு. ஜிகினா நட்சத்திரம், அது மினுங்கத்தான் செய்யும், அதற்குத்தான் அடித்தது. ஆனால் உள்ளே விடும்போது அவ்வளவு மினுங்கியதா? கவனிக்கவில்லை. கம்பெனியில் ஐயாயிரம் வால்வுகளின் துளைக்குள் விரல் விட்டுப் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டுகிற வேலை அவளுடையது, இன்ஸ்பெக்‌ஷனில் தாரிணி பார்த்தாச்சு என்றால் அந்தப் பெட்டியை மறுபடி யாரும் திறப்பதில்லை, அவள் கவனிக்கவில்லை. டேங்க்கை வெட்டியபோது சிந்திய அலுமினியப் பிசிறு என்றால்? பிசிறு முதலில் போவது பம்புக்குள், ஃபில்டர் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பம்பின் பற்களுக்கு நடுவே ஒரு பிசிறு சிக்கினால் பம்பு பிடித்துக்கொள்ளும், பெல்ட் அறுந்துவிடும், எண்ணெய் நிற்கும். ஒன்றரை செகண்ட். இல்லை, இது நட்சத்திரம். நட்சத்திரம்தான்.

"ஏறுது ஏறுது" என்றான் தீபன். முள் அசைந்து, தயங்கி, மெல்ல மேலே போய் நின்றது. "நாலு கிலோ. அண்ணா, பாருங்க, நாலு கிலோ நிக்குது." ஜெரால்டு கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணனின் தோளில் கை போட்டு, நல்ல தோளில், "தம்பி, உங்க வீட்டு போர் மோட்டாரு கூட இந்த வேகத்துல எடுக்காது போல இருக்குதே, மேல் டேங்க்குக்கும் ஒண்ணு மாட்டிரலாமா?" என்றார். தீபன் சிரித்தான். மார்ச்சுக்குப் பிறகு அவன் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை, மீசைக்கு மேல் ஒரு எண்ணெய்க் கோடு, சின்னப் பையன் பால் குடித்தது போல. "எல்லாம் பாப்பாவோட கை ராசிங்கண்ணா" என்றான். "ஆமாமா" என்றார் ஜெரால்டு, "ஆனா அம்மிணி, பொண்ணு பாக்க வர்றப்ப மட்டும் இந்த மெஷினை ஒளிச்சு வெச்சுருங்கோ, மாப்பிள்ளை காப்பி கூடக் குடிக்காம ஓடிருவான்." இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் இருப்பதிலேயே அருவருப்பானது, தன் முகம் தன்னைக் கேட்காமல் செய்கிற அந்தச் சிரிப்பு. அறுபது பேர் மெக்கானிக்கல் வகுப்பில் நான்கு பெண்கள், லேபில் எஞ்சினைப் பையன்கள் ஓட்டுவார்கள், ரீடிங்கை மட்டும் நீங்க எழுதுங்கம்மா, உங்க கையெழுத்து நல்லா இருக்கும் என்பார் சார், அப்போதும் இதே சிரிப்பைச் சிரித்துவிட்டு எழுதினாள். நான்கு கிலோ. எண்ணெய் பச்சையாக இருக்கும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான், சூடு ஏறி நூறைத் தொட்டு எண்ணெய் தண்ணீராக ஓடும்போதுதான் தெரியும், இது அவளுக்குத் தெரியும், ரீடிங் எழுதியே தெரியும். மெஷினிலிருந்து கருகல் வாசம் வந்தது. "நிறுத்து பாப்பா, மோட்டாரு சூடாயிருச்சு. அஞ்சு நிமிஷம் ஆறட்டும்" என்றான் அண்ணன். விரலை எடுத்தாள். சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது, அந்தப் பள்ளத்தின் அடியில் மெத்தென்று ஒன்று கிடந்தது.

கை கழுவப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போனாள். துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? பிரிண்டு ஒரு பக்கம்தான் அடித்திருப்பார்கள், மறுபக்கம் வெறும் துணி. மறுபக்கத்தில் மினுங்கல் இல்லை என்றால் அது நட்சத்திரம், இருந்தால் பிசிறு. காலையில் அதைக் குழாயடி நீல பக்கெட்டில்தான் வீசினாள், கையை மூன்று தடவை சோப்புப் போட்டாள். குழாயடியில் அம்மா மணைக்கட்டையில் உட்கார்ந்து ஜிலேபி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையில் செதில்கள் சரசரவென்று தெறித்து, அவள் முழங்கையில், சேலையில், தரையில், எங்கும் ஒட்டியிருந்தன. "கண்ணு, அந்த எண்ணெய்க் கையோட எதையும் தொட்டுராத" என்றாள். தாரிணி பக்கெட்டுக்குள் பார்த்தாள். குடல், செவுள், சிவப்பு நுரை, மேலே ஒரு மீன் தலை வாயைத் திறந்துகொண்டு, ஈக்கள். கையை விட்டாள். காலையில் ஒரு மெத்துக்காக வெளியே இழுத்த அதே கை, மெத்தும் வழுக்கலும் வெதுவெதுப்புமான அதற்குள் மணிக்கட்டு வரை போயிற்று, தொண்டை ஏறி ஏறி இறங்கியது, விரலில் குடல் ஒன்று சுற்றிக்கொண்டது. "அதுக்குள்ள என்ன கண்ணு தேடற? கம்மலை விட்டுட்டயா?" துணி இல்லம்மா என்றாள், அப்படித்தான் வாயில் வந்தது. அம்மா அடுத்த மீனை எடுத்தாள். வாலைப் பிடித்துச் செதிலைச் சீவிக்கொண்டே, கேள்வியும் இல்லாமல் புகாரும் இல்லாமல், "இன்னைக்கு அவன்தான் ஓட்டறானா?" என்றாள். "ம்." "மார்ச்சு மாசம் ஆஸ்பத்திரியில சட்டையைக் கழட்டறப்பப் பாத்தேன். தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் நாலு விரல் அகலத்துக்குக் கறுத்துக் கெடந்துச்சு, பட்டையா. பைக்குல ஏது கண்ணு பெல்ட்டு?" தாரிணியின் கை பக்கெட்டுக்குள் நின்றது. அம்மா நிமிரவில்லை. "நீயே சொன்னயேன்னு கேக்காம இருந்துட்டேன்" என்றாள். சொம்பில் தண்ணீர் எடுத்து மீனைக் கழுவினாள்.

துணி கிடைத்தது. இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்தாள். நட்சத்திரம் மினுங்கியது. திருப்பினாள். மறுபக்கமும் மினுங்கியது, ரத்தம் ஊறிய துணி முழுக்க, மடிப்புகளிலெல்லாம், நெற்றிப் பொட்டு அளவில், அதற்கும் சின்னதாக, பொடிப்பொடியாக. செதில். நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள், செதில், இன்னொன்று, அதுவும் செதில், அதற்கு அடியில் இருந்த பொடி செதில் உடைந்ததா வேறா தெரியவில்லை, தேய்த்தால் இன்னும் தெரியவில்லை. குழாயைத் திறந்து அலசினால் எல்லாம் சேர்ந்து போய்விடும். அவள் ஈ மொய்க்கிற அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணி சொல்லிவிடும் என்று நம்பித்தான் வந்தாள். அது பிசிறு என்று காட்டினால் துணியை அவர்கள் முன்னால் நீட்டியிருக்கலாம், பேசவே வேண்டியிருக்காது. பிரிண்டு என்று காட்டினால் அப்போதும் பேச வேண்டாம். எப்படியும் பேசாமல் இருப்பதற்குத்தான் மீன் குடலுக்குள் கையை விட்டிருக்கிறாள், இதில் பாதி அளவு அருவருப்பைக் காலையில் பொறுத்துக்கொண்டிருந்தால் போதும், இன்னும் இரண்டு அங்குலம். துணி என்னவாக இருந்தால் என்ன, தொட்டது விரல், விரலுக்கு ஏழு மணிக்கே தெரியும். நாலு மாதமாக அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டையாக, நாலு விரல் அகலத்துக்கு. இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், சோற்றைப் பிசைந்துகொண்டே தெரியும்.

ஷெட்டுக்குள் அவள் நுழைந்தபோது தீபன் பெல்ட்டை மாட்டுவதற்குக் கையில் எடுத்திருந்தான், ஜெரால்டு கண்ணாடி கிளாஸில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "என்ன பாப்பா இது நாத்தம்" என்றான் தீபன். அவள் துணியைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தால் வராது. "நான் சரியாத் தொடைக்கல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை போல இருந்தது, மறுபடி சொன்னாள். "டேங்க்கை நான் சரியாத் தொடைக்கலண்ணா. தகட்டுக்கு அக்கட்டால ஏதோ மெத்துன்னு கையில பட்டுச்சு. பல்லின்னு நெனச்சு கையை எடுத்துட்டேன். நீ கேட்டப்ப முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்." தீபன் பெல்ட்டைப் பிடித்தபடியே நின்றான். ஜெரால்டுக்குச் சிரிப்பு வந்தது. "பல்லியா! என்ற டேங்க்குலயா! தம்பி, பல்லி உச்சந்தலையில விழுந்தா ஒரு பலன், டேங்க்குக்குள்ள விழுந்தா என்ன பலன்னு காலண்டர்ல பாத்துச் சொல்லு" என்றவர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார், குடிக்கவில்லை. கிளாஸ் அங்கேயே நின்றது. "மெத்துன்னா, எந்தப் பக்கம் அம்மிணி?" என்றார், சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, குரலில் இல்லை. "கீழ. எண்ணெய் வெளிய போற வாய்க்கு மேல, மூலையில." ஜெரால்டு கிளாஸைக் கீழே வைத்தார். "வெல்டு அடிச்சதுக்கு அப்புறந்தான் அந்த வாய்க்கு மரை வெட்டுனேன்" என்றார் தீபனிடம். "பிசிறு உள்ள சிந்தக் கூடாதுன்னு, ஓட்டை வழியா கிரீஸை உருட்டி உள்ள அப்பிவிட்டுட்டு வெட்டறது. பிசிறெல்லாம் அதுலயே ஒட்டிக்கும். அப்புறம் கம்பியை வளைச்சு எடுத்தேன். வந்துச்சு. முழுசா வந்துச்சுன்னுதான்..." கையை விரித்துப் பார்த்தார். மம்பட்டிக் கை. "அண்ணா" என்றான் தீபன்.

"எண்ணெயை எறக்கிட்டு..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவள் டேங்க்கின் மூடியைத் திறந்து, கையைத் துடைத்து, சுடிதார் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டிருந்தாள். புது எண்ணெய். தேன் நிறம். குளிர்ச்சியாக மணிக்கட்டு, முழங்கை, அதற்கு மேல், இவ்வளவு வழவழப்பான ஒன்றை அவள் உடம்பு இதுவரை தொட்டதில்லை, கூசவில்லை, எதுவும் ஏறி வரவில்லை. கன்னம் அலுமினியத்தில் அழுந்தியது. தகடு. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில், காலையில் கீறிய அதே விளிம்பு, கீறலில் எண்ணெய் பட்டு எரிந்தது. கீழே, மூலை. மெத்து. அது அங்கேயேதான் இருந்தது, காலை முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது போல. குழந்தைக் கை, விரித்த விரல்கள், வெளுத்த வயிறு, எல்லாம் ஒரு தடவை வந்து போயிற்று, நகத்தைச் சுவரோடு சேர்த்துக் கொடுத்து வழித்தாள், ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, மறுபடி வழித்து, நான்கு விரலையும் மூடி அதைக் கைக்குள் பிடித்துக்கொண்டு மெல்ல, தகட்டில் உரசாமல், வெளியே கொண்டுவந்தாள்.

கையை விரித்தாள். நெல்லிக்காய் அளவு, பழுப்பும் சாம்பலுமாக, ஒரு சாதாரணக் கட்டி. யாரும் குனிந்து பார்க்கவில்லை, யாரும் நகரவும் இல்லை. முழங்கையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. தகர ஓட்டையிலிருந்து ஒரு வெயில் பொட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது, உள்ளங்கையின் சூட்டுக்கும் அந்த வெயிலுக்குமே கிரீஸ் ஓரங்களில் இளக ஆரம்பித்து, அதற்குள்ளிருந்து ஊசி முனை போல ஒன்று நழுவி வெளியே வந்தது. மினுங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து சுருள் சுருளாக, எண்ணெயில் மிதந்து, கைரேகையின் கோடு வழியாக மணிக்கட்டை நோக்கி ஓடின. தீபனின் கை அவனுக்குத் தெரியாமல் மேலே போய் இடது காறை எலும்பைத் தொட்டது. பின்பக்கத்திலிருந்து அம்மா, டெம்போ எப்ப வருது, சாப்பிட்டுட்டுத்தானே போறீங்க என்று கேட்டாள். ஜெரால்டு திரும்பி, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார், மேலாக ஒரு மஞ்சள் பூ, தங்கப் பொடி தூவினது.

தாரிணி வாங்கவில்லை. "பிரிண்டு இல்லாததாக் குடுங்க" என்றாள்.